ஐந்து மணி ஆகாத கம்பெனி

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நாரில் கால்மிதி செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் நிர்வாகம் மூன்று பேர் கையில். சூப்பர்வைசர் நாச்சிமுத்து அண்ணன், வாட்ச்மேன் துளசிமணி, டைம்கீப்பர் ஆறுச்சாமியாகிய நான். மூளை விஷயத்தில் மூவருக்கும் ஏற்றத்தாழ்வே கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளியூர் கிளம்பிய முதலாளி, காரில் ஏறுமுன் எங்களை நிற்க வைத்துச் சொன்னார்.

“ஓவர்டைம் குடுத்தே நான் ஓட்டாண்டி ஆயிருவனாட்ட இருக்குது. கம்பெனிக் கடிகாரத்துல அஞ்சு தாண்டி யாராவது உள்ள இருந்தா, அந்தக் காசை உங்க சம்பளத்துல புடிப்பேன். அஞ்சுக்கு முன்னால கேட்டைத் தாண்டினா அரை நாள் சம்பளம் கட்!”

அன்று ஆறு மணிக்குக் கம்பெனிக்கு எதிர்த்த மாரியம்மன் கோவிலில் எனக்குப் பெண் பார்க்கிறோம். ஏற்கெனவே பதினோரு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் காலமெல்லாம் கட்டைப் பிரம்மச்சாரிதான்.

நாலரைக்குக் கூட்டம் போட்டோம்.

“அஞ்சைத் தாண்டினாத்தானே ஓவர்டைம்?” என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

“ஆமாங்ண்ணா.”

“அஞ்சே ஆகலைன்னா?”

நான் அசந்துபோனேன். இப்படியொரு யோசனை எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது. நாலு ஐம்பத்தைந்துக்குக் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி அண்ணன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஓவர்டைம் ஒழிந்தது.

நார் முறுக்குகிற ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், பின்சுவர் ஏறிக் குதித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் அளவுக்கு அவர்களுக்குப் பொறுப்பு கிடையாது. மிச்ச நாரை நாங்களே முறுக்கினோம்.

என் கைப்பேசியில் ஆறு ஆயிற்று. கடிகாரத்தில் ஆகவில்லை.

“அண்ணா, பேட்டரியைப் போடுங்க. அஞ்சு ஆனதும் ஓடிர்றேன்.”

“நீ எந்திரிச்சுக் கேட்டுக்குப் போறதுக்குள்ள அஞ்சு ஒண்ணாயிருமே. அந்த ஒரு நிமிசம் யாரு சம்பளத்துல?”

நியாயம்தான். மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்தோம். கடைசியில், கடிகாரத்தையே கேட்டுக்குத் தூக்கிப் போய் அங்கே பேட்டரி போடுவதென்று துளசிமணி தீர்மானம் கொண்டுவந்தான். தூக்கிப் போனோம்.

அதற்குள் ஏழாகிவிட்டது. காத்திருந்து சலித்த பெண்வீட்டார் கேட்டுக்கே வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா கொதித்துக்கொண்டிருந்தார்.

“ஆறு மணிக்குன்னு சொல்லிப்போட்டு இதென்னங்க மரியாதை?”

கையிலிருந்த கடிகாரத்தைக் காட்டினேன். அவர் உற்றுப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று.

“அடடா, அஞ்சே ஆகலையே! மன்னிச்சுக்கோணுங் மாப்பிள்ளை. நாங்கதான் வெள்ளனே வந்துட்டம்.”

நல்ல குடும்பம் என்று அப்போதே புரிந்துவிட்டது.

அவருக்குப் பின்னாலிருந்து பெண் முன்னால் வந்தாள். கோகிலவாணி. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, கேட்டுக் கம்பிக்குள் கைவிட்டுக் கடிகார முள்ளைத் திருகி எட்டில் வைத்தாள்.

“வேலை காத்தால ஒம்பதுக்குத்தானுங்களே? மணி இப்ப எட்டு. நீங்க இன்னும் வேலைக்கே வரலை. வராதவங்க எப்படிக் கேட்டைத் தாண்டுவாங்க?”

நாங்கள் மூவரும் கைதட்டினோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். வேலைக்கு வராத குற்றத்துக்கு மூவரும் லீவ் லெட்டர் எழுதினோம். காரணம்: பெண் பார்க்கப் போனது.

திங்கட்கிழமை முதலாளி அதைப் படித்தார். ஓவர்டைமும் இல்லை, எங்களுக்கு அன்றைய சம்பளமும் இல்லை. பூரித்துப்போனவர், என் கல்யாணத்துக்கு அந்தக் கடிகாரத்தையே பரிசாகக் கொடுத்தார்.

இப்போது அது பேட்டரி போடாமலே எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. கோகிலவாணி இன்னொரு காப்பி கொண்டுவந்து வைக்கிறாள். நிதானமாகக் குடிக்கலாம். மணி எட்டுதான், வேலைக்குக் கிளம்ப இன்னும் நேரமிருக்கிறது.