சேர இன்றே கடைசி நாள்

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் ஆங்கிலம் பேசச் சொல்லித்தரும் சென்டர் ஒன்று. அதன் முதலாளி ஜெகவீரன் கத்திரி வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்டே அங்கே கூட்டிப் பெருக்குகிற ராக்கம்மா, ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"நானும் உக்காந்து படிக்கட்டுமா சார்?"

புதிதாகச் சேர வந்திருந்த கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார் ஜெகவீரன்.

"இன்னைக்குப் பாடம் 'புட் ஆஃப்'. அர்த்தம் சொல்லி, உன் வேலையிலருந்தே ஒரு உதாரணமும் சொல்லு. சும்மாவே சேத்துக்கிறேன்."

ராக்கம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள்.

"தள்ளிப்போடுறது சார். வாசல் போர்டுல 'சேர இன்றே கடைசி நாள்'னு இருக்குல்ல? நீங்க சொன்னபடி, தினம் காலையில பழைய தேதியை அழிச்சுட்டுப் புதுத் தேதி எழுதுறேன். மூணு வருசமா அந்தக் கடைசி நாளைத்தான் 'புட் ஆஃப்' பண்ணிட்டு இருக்கேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அரக்கப்பரக்க ஓடிவந்தவர்கள் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். ஜெகவீரன் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"சரி, சரி. நாளையிலருந்து வா."

ராக்கம்மா அதற்குள் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு எப்படி சார்? இன்னைக்குத்தானே கடைசி நாள்!"