வலியின் நாற்காலி

ஒரு குரு இருந்தாள். ஆசிரமம், ஆலமரம் எல்லாம் கிடையாது. செல்போன் திரையில்தான் தரிசனம். பெயர் நஸ்ரின். நாட்பட்ட மூட்டுவலிக்காரர்களின் உடம்பை வேறு டாக்டர்கள் பார்த்துக்கொள்ள, மனசைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

சீடருக்கு அவளைப்போல இரண்டு மடங்கு வயது. ஏகாம்பரம், விழுப்புரத்தில் ரிட்டையரான பஸ் கண்டக்டர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, மெல்லப் பேசுவதே மறந்துபோன மனிதர். முடக்குவாதம் அவர் விரல்களை மடக்கிப் போட்டிருந்தது, முழங்கால்களையும் விட்டுவைக்கவில்லை. முதல் நாள் கேலியாகத்தான் "குருவம்மா" என்று கூப்பிட்டார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

அன்று காலை அவள் முகம் தெரிந்ததும் அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"குருவம்மா, இந்த வலி எப்பதான் போகும்? அது போனாத்தான் கோமளா திரும்பி வருவா."

கோமளா அவர் மனைவி. போன வாரம் ஒரு பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது "போறேன்" என்றாள். அடுத்த தெருக் கடைக்குக்கூட "போயிட்டு வரேன்" என்று சொல்லிப் போகிறவள். அந்த மொட்டைச் சொல் ஏகாம்பரத்தை வலியைவிட மோசமாகக் குடைந்தது.

"நான் அவளை ஒரு வார்த்தை திட்டினதில்ல. சத்தியமா. இந்த நோயாளியோட மாரடிக்க முடியாமத்தான் போயிட்டா."

"போன தடவை ஒரு பயிற்சி சொன்னேனே, செஞ்சீங்களா சார்?" என்றாள் நஸ்ரின்.

வலியை ஓர் ஆளாக நினைத்து, எதிரே நாற்காலியில் உட்காரவைத்துப் பேச வேண்டும். அதுதான் பயிற்சி.

ஏகாம்பரம் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"செஞ்சேன். சுவரோரம் கிடந்த வயர் நாற்காலியப் பார்த்துப் பேசினேன். மறுநாள் எழுந்து பார்க்கிறேன், அது கட்டிலுக்குக் கிட்ட இருக்கு. கதவு தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கு. இந்தக் கையால டம்ளரத் தூக்கவே வழியில்ல, நான் எங்க நாற்காலிய நகர்த்துறது?"

"இப்ப எங்க இருக்கு?"

அவருக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. போனை மட்டும் சாய்த்தார். திரையின் மூலையில், அவருடைய சின்னப் படத்துக்குள், கால்மாட்டில் அந்த நாற்காலி தெரிந்தது. நேற்றைவிடக் கிட்டே. யாரும் இல்லை. ஆனால் வயர்ப் பின்னல் நடுவில் பள்ளமாகத் தொய்ந்திருந்தது, ஆள் உட்கார்ந்திருப்பதுபோல. மின்விசிறி ஓடவில்லை. இருந்தும் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. நஸ்ரினுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் பார்வை அந்தப் பக்கம் போயிற்று.

"பயப்படாதீங்க. தினமும் வலிகிட்ட என்ன சொல்வீங்களோ, அதை அப்படியே அங்க பார்த்துச் சொல்லுங்க."

ஏகாம்பரம் மெல்லத் திரும்பினார். அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

"சனியனே! எழுந்து தொலை! விடிஞ்சா உன் மூஞ்சிலயா முழிக்கணும்? உன்னக் கட்டிக்கிட்டு அழுததெல்லாம் போதும், ஒழிஞ்சு போ!"

நாற்காலி அசையவில்லை. தெருவில் போன யாரோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"தினமும் இப்படித்தானா?"

"காலைல வலி உச்சத்துல இருக்குமே, அப்ப. வாய்ல தானா வந்துடும், என்ன பண்றது."

"அந்த நேரத்துல அந்த நாற்காலில யார் இருப்பாங்க?"

"யாரும் இல்ல. கோமளாதான். என் காலை மடில வெச்சுத் தைலம் தேய்ப்பா. அதுல உட்கார்ந்துதான்…"

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அவர் அந்தப் பள்ளத்தையே பார்த்தார். பேய் வந்து உட்கார்ந்திருந்தால்கூட அப்படி நடுங்கியிருக்க மாட்டார்.

"நான் வலியத்தான் சொன்னேன் குருவம்மா."

"வலிக்குக் காது இல்லையே சார்."

ஏகாம்பரம் நாற்காலியிலிருந்து திரைக்குத் திரும்பினார். பிறகு அவர், "வலி போகட்டும். போனதும் கூப்பிட்டு விவரத்தைச் சொல்லிடறேன்" என்றார்.

"முழுசாப் போகாது சார்."

இத்தனை வருடத்தில் யாரும் அதை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. ஏகாம்பரம் அழுதார். மறைக்கவும் இல்லை.

"அப்ப என்னன்னு சொல்லி அவளக் கூப்பிடுறது?"

"வலிகிட்ட இவ்வளவு பேசியிருக்கீங்க. வலிக்குதுன்னு அவங்ககிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கீங்களா?"

இதைக் கேட்டுவிட்டு நஸ்ரின் திரையிலிருந்து மறைந்தாள்.

ஏகாம்பரம் மடங்கிய விரலின் முட்டியால் எண்ணைத் தட்டினார். கோமளா எடுத்தாள். அங்கே குக்கர் விசிலடிப்பது மட்டும் கேட்டது. அவர் வாயைத் திறந்தார். குரல் அவருக்கே அடையாளம் தெரியாத அளவுக்குத் தணிந்து வந்தது.

"வலிக்குது கோமளா."

மறுமுனையில் மூச்சுச் சத்தம். பிறகு அவள் பயந்து பயந்து கேட்டாள்.

"என்கிட்டயா பேசுறீங்க?"