பேட்ஜுக்கு ஈய அங்கி போட்ட கதை

செங்குறிச்சி தர்ம ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மிஷின் வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ள மூன்று பேரை வேலைக்கு எடுத்தார்கள். உத்தண்டி, தேசிங்கு, அருளப்பன். மூன்று பேருக்கும் அறிவு ஒரே அளவாக இருந்ததால், யார் பெரியவர் என்ற தகராறு வரவே இல்லை.

உத்தண்டிக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. எக்ஸ்ரே அறையில் வேலை என்றதும்தான் மணலூர் அங்கமுத்து தன் மகள் செங்கமலத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். தை மாதம் கல்யாணம். வேலை போனால் பெண்ணும் இல்லை என்று தாம்பூலம் மாற்றும்போதே சொல்லிவிட்டார்.

பட்டணத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, ஆளுக்கு ஒரு பேட்ஜைச் சட்டையில் குத்திவிட்டார். எக்ஸ்ரே கதிர் உடம்பில் எவ்வளவு பட்டது என்று அது காட்டிக்கொடுக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிவையுங்கள், அளவுக்கு மேல் ஏறியிருந்தால் அறையைப் பூட்டிவிடுவோம் என்றார். ஈயத்தால் ஆன அங்கி ஒன்றையும் கொடுத்தார். அதைத் தாண்டிக் கதிர் போகாதாம்.

அவர் போனதும் மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கதிர் எதுல ஏறினாப் பூட்டுவாங்க?" என்றார் தேசிங்கு.

"பேட்ஜுல," என்றார் அருளப்பன்.

"நம்ம மேல ஏறினா?"

"அதுக்குப் பூட்டுறதா அவர் சொல்லலையே," என்றார் உத்தண்டி.

அன்றைக்கே மூன்று பேட்ஜையும் கழற்றி, ஈய அங்கிக்குள் வைத்துச் சுற்றிக் கட்டினார்கள். தாங்கள் வெறும் சட்டையோடு மிஷின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தார்கள்.

அதோடு மனம் ஆறவில்லை. வாழைப்பழத்திலும் கருங்கல்லிலும் துளி கதிர் உண்டு என்று அருளப்பன் பேப்பரில் படித்துவிட்டு வந்தார். வாசலில் பழம் விற்ற தாயம்மாளை எதிர்ச்சாரிக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியே கருங்கல் கட்டடம் என்பதால், அங்கி மூட்டையை வெளியே வேப்பமரத்தில் தொங்கவிட்டார்கள். ஆகாயத்திலிருந்தும் கதிர் இறங்குகிறது என்று மறுநாள் பேப்பரில் இருந்தது. அது முதல் தேசிங்கு மூட்டைக்குக் குடை பிடித்து நின்றார். கால் உடைந்து வந்தவர்கள் ஏதோ சாமி என்று கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பேட்ஜுகளில் ஒன்றுமே இல்லை, தெருவில் சும்மா நடப்பவன்மேல் விழுவதுகூட இல்லை. எனவே அந்த அறையில் யாரும் வேலை செய்யவில்லை என்று கருதுகிறோம், ஆட்களை ஏன் நீக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

உத்தண்டி தை மாதத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார்.

"ஏறினாலும் போச்சு, ஏறலைன்னாலும் போச்சு. அளவா ஏத்தணும்ணே," என்றார் அருளப்பன்.

மார்புப் படம் எடுக்கிற அளவு சரியாக இருக்கும் என்று முடிவாயிற்று. கல்யாண மாப்பிள்ளை என்பதால் உத்தண்டியின் பேட்ஜுக்கு முதலிடம். அதை மிஷின் முன்னால் நிறுத்தி, எல்லாரிடமும் சொல்வதுபோல, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க," என்று சொல்லிவிட்டு உத்தண்டி பட்டனை அழுத்தினார். படத்தைக் கழுவிப் பார்த்தால் நுரையீரல் விழவில்லை. மூச்சைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் எடுத்தார்கள். இருபத்தாறு படம் எடுத்தும் நுரையீரல் விழவில்லை. மற்ற இரண்டு பேட்ஜையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

இந்தத் தடவை பேட்ஜுகளை அனுப்பியதும் கடிதம் வரவில்லை, அதிகாரியே ஜீப்பில் வந்தார். இவ்வளவு கதிர் பட்டவர் நடமாடுகிறாரா என்று பார்க்கத்தான் வந்தாராம். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். அறையைப் பூட்டினால் ஊர்க்காரர்கள் உடைந்த காலோடு நாற்பது மைல் போகவேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா கெஞ்சியதால், கடைசியாக ஒருமுறை மன்னித்தார். உத்தண்டியை எதிரே நிறுத்தி வைத்துச் சொன்னார்:

"நல்லாக் கேட்டுக்குங்க. எங்க ஆபீசுக்கு உங்களைத் தெரியாது, பேட்ஜைத்தான் தெரியும். பேட்ஜ் எங்க இருக்கோ, அங்கதான் நீங்க இருக்கீங்கன்னு அர்த்தம். தை முடியிற வரைக்கும் ஒருநாள் நீங்க அறையில இல்லைன்னாலும் பூட்டுதான்."

முகூர்த்தம் தை பன்னிரண்டு, புதன்கிழமை. உத்தண்டி கலங்கவில்லை. காலையில் பேட்ஜை எக்ஸ்ரே அறை நாற்காலியில் வைத்துவிட்டு, பட்டு வேட்டியோடு மண்டபத்துக்குப் போனார்.

"லீவு குடுத்துட்டாங்களா மாப்பிள்ளை?" என்றார் அங்கமுத்து.

"இல்லைங்க மாமா. நான் ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன்," என்று உத்தண்டி விவரத்தைச் சொன்னார்.

அங்கமுத்து பொறுமையாகக் கேட்டார். பிறகு மேளத்தை நிறுத்தச் சொன்னார். வேலையில் இருக்கிற மாப்பிள்ளைக்குத்தான் பெண் தருவதாகப் பேச்சு, வேலை நேரத்தில் இங்கே வந்து நிற்கிற ஆளுக்கு இல்லை என்றார். அதில் நியாயம் இருப்பதாக மாப்பிள்ளை வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள். கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது. மாப்பிள்ளை இருக்கிற இடத்துக்கு நாம் போனால் என்ன என்று தேசிங்குதான் வழி சொன்னார்.

தாம்பாளமும் மேளமுமாகக் கூட்டம் எக்ஸ்ரே அறைக்கு வந்தது. செங்கமலத்தை நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, பேட்ஜுக்கு மாலை போட்டார்கள். தாலியை அதன்மேல் தொட்டு எடுத்து, மூன்று முடிச்சையும் நாத்தனாரே போட்டுவிட்டதால், மாப்பிள்ளைக்குக் கை இல்லாதது ஒரு குறையாகத் தெரியவில்லை. அதிகம் பேசாத பிள்ளை என்று பெண் வீட்டில் எல்லாருக்கும் திருப்தி.

உள்ளே இடம் போதாததால் உத்தண்டி வாசலில் நின்று, கண் கலங்க அட்சதை போட்டார்.