பதினோரு வலைகள்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஏகாம்பரத்தின் மனைவி வச்சலா சொல்லிக் கேட்டது. அன்று அவர் தங்கள் மொட்டைமாடி மீன் கொட்டகையின் வாசலில் டீ டம்ளரோடு நின்றிருந்தார். பேச்சை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு லூர்து மேரியைத் தெரியும். மீனுக்கு என்ன வந்தாலும் அவரிடம்தான் போவார்கள். எட்டாவது வரை படித்தவர். வயது நாற்பது இருக்கும். வாத்தியாரம்மா என்று கூப்பிடுவார்கள்.

ஏகாம்பரம் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வேலை பார்த்த கம்பெனி மூடியபின் மீன் வளர்க்க வந்தார். இரண்டு வருடம் லூர்துவின் பின்னாலேயே நடந்து தொழிலைக் கற்றுக்கொண்டார். பிறகு தன் மாடியில் பதினோரு தொட்டி வைத்தார்.

எல்லாம் ஏஞ்சல் மீன்கள். பதினோராவது தொட்டியில் இருந்தவை கறுப்பு. ஒரு வெளிர்ப்புள்ளிகூட இல்லாத கறுப்பு. மூன்று தலைமுறை மீன்களை ஜோடி பார்த்துச் சேர்த்து அவரே உண்டாக்கிய நிறம்.

ஆடியில் மூன்றாம் தொட்டி மீன்கள் இரை எடுப்பதை நிறுத்தின. வயிறு ஒட்டியது. முதுகு வளைந்தது. ஒவ்வொன்றாகச் செத்தன. பிறகு நான்காம் தொட்டி. பிறகு எட்டு. ஐப்பசிக்குள் ஏழு தொட்டிகளில் சாவு. என்ன நோய் என்று அவருக்குப் பிடிபடவில்லை. லூர்துவைக் கூப்பிட்டார்.

லூர்து வந்ததும் கேட்டார். “என்னென்ன போட்டீங்க?”

“கல்லுப்பு போட்டேன். நீல மருந்து போட்டேன். மஞ்ச மருந்து போட்டேன். கேப்ஸ்யூல பிரிச்சு தீனில கலந்தேன்.”

“கொழம்பே வெச்சிருக்கீங்க. புளி ஒண்ணுதான் பாக்கி.”

ஏகாம்பரம் சிரிக்கவில்லை.

லூர்து அன்று காலை செத்த மீனைத் தட்டில் வைத்து பிளேடால் வயிற்றைக் கீறினார். ஈரலை வெளிச்சத்தில் காட்டினார். அதன் மேல் ரவை தெளித்ததுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது.

“என்னம்மா இது?”

“நம்ம ஆளுங்க மீன் டிபின்னு சொல்வாங்க.”

“மருந்து?”

லூர்து பிளேடைத் துடைத்தார். 

“வாத்தியாரம்மா, மருந்து?”

“இல்லண்ணே.”

ஏகாம்பரம் சுவரைக் காட்டினார். அங்கே பதினோரு ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வலை. வலைப்பிடியில் பெயின்ட்டால் எண் எழுதியிருந்தது.

“தொட்டிக்கு ஒரு வலைன்னு நீங்கதான் சொன்னீங்க. ஒருநாள்கூட மாத்திப் போட்டதில்ல. குழாய் தனி. பக்கெட் தனி. ஒரு தொட்டித் தண்ணிய இன்னொண்ணுல ஊத்தினதில்ல. அப்புறம் எப்படி என் மீனு மட்டும் சாவுது?”

லூர்து மீன்களைப் பார்க்கவில்லை. தொட்டிகளின் மூடிகளைப் பார்த்தார். எல்லாம் வெள்ளைத் தெர்மாகோல். அளவுக்கு வெட்டி வைத்தவை.

“நீல மருந்து எந்தெந்தத் தொட்டில போட்டீங்க?”

“மூணுல மட்டும்தான். இன்னிக்கும் போட்டேன். மத்ததுக்கு அது கேக்காதுன்னு வேற குடுத்தேன்.”

லூர்து நான்காம் தொட்டியின் மூடியை எடுத்துத் திருப்பினார். அடிப்பக்க ஓரத்தில் நான்கு விரல் தடங்கள். நீலம்.

ஐந்தாவது மூடியைத் திருப்பினார். நீலம். ஆறு. ஏழு. எட்டு. சில தடங்கள் பழசாகி வெளுத்திருந்தன. சில அன்றைக்கு வைத்தவை.

ஏகாம்பரம் தன் கையைப் பார்த்தார். நகக்கண்கள் நீலமாக இருந்தன. மூன்று மாதமாகவே அப்படித்தான்.

“வலை பதினொண்ணு இருக்கு,” என்றார் லூர்து. 

“வலைன்னுதானம்மா சொன்னீங்க. கைய சொல்லலியே.”

“சொல்லல. தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அது என் தப்புதான்.”

ஏகாம்பரம் பதினோராவது தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“இத நான் அதிகமாத் தொடமாட்டேன். அதுங்க நல்லாத்தான இருக்கு.”

“நகருங்கண்ணே.”

“வேணாம்மா.”

வச்சலா வாசலிலிருந்து, “நகரேன்யா, பாக்கட்டும்,” என்றார்.

அவர் நகர்ந்தார். லூர்து மூடியைத் திருப்பினார். ஒரே ஒரு விரல் தடம் இருந்தது. கட்டைவிரல். நீலம்.

 கறுப்பு மீன்கள் ஏகாம்பரத்தின் கையைக் கண்டு தீனி என்று நினைத்துக் கண்ணாடிப் பக்கம் கூடின.

“இதுல வந்திருக்குமா?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.”

“டெஸ்ட்டுக்குக் குடுத்தா?”

“குடுக்கலாம். ரிசல்ட் வர ஒன்றரை மாசம் ஆகும். அதுவரைக்கும் இத மட்டும் தனியா வெச்சுப் பாக்கலாம். மத்த பத்தையும் இன்னிக்கே முடிச்சிடணும்.”

ஏகாம்பரம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஒவ்வொரு தொட்டிக்கும் இப்படித்தாம்மா காத்திருந்தேன். இதுக்கு வராது, இதுக்கு வராதுன்னு. ஒவ்வொண்ணுலயும் மொத மீனு வளையறத நான்தான் பாத்தேன். இதுல பாக்கமாட்டேன்.”

“அவசரப்படாதீங்கண்ணே.”

“பாக்கமாட்டேன்.”

லூர்து ஒரு மீனை மூன்றாம் தொட்டியிலிருந்தும் ஒரு மீனைக் கறுப்புத் தொட்டியிலிருந்தும் எடுத்து, டெஸ்ட்டுக்கு அனுப்பத் தனித்தனிப் பையில் கட்டி எண் எழுதினார். பிறகு, மீன்கள் வலியில்லாமல் மயங்கிச் சாக, கிராம்பு எண்ணெயைத் தண்ணீரில் அடித்துக் கலந்து கொடுத்தார். ஏகாம்பரமே பதினோரு தொட்டிகளிலும் ஊற்றினார். மீன்கள் மெதுவாகி, சாய்ந்து, நின்றன. கறுப்புத் தொட்டியில் ஊற்றும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாராம். வச்சலா சொன்னார்.

பகல் முழுக்கப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். வெயில் இறங்கும்போது ஏகாம்பரம் சோப்புப் போட்டு முழங்கைவரை கையைத் தேய்த்தார். நகத்திலிருந்த நீலம் போகவில்லை.

“காலைல மாடி ஏறினதும் மொதல்ல எங்க போவீங்க?” என்று லூர்து கேட்டார்.

“மூணாம் தொட்டிக்கு. உசுரோட இருக்குதுங்களான்னு பாக்க. சில நாள் கையிலயே ஏந்தி நீந்த வெப்பேன்.”

“அப்புறம்?”

“மத்த சீக்குத் தொட்டிங்க.”

“கறுப்புக்கு?”

“கடைசியா. எல்லாத்தையும் பாத்துட்டு அத ஒரு தபா தொறந்து பாப்பேன். அதப் பாத்தாதாம்மா மனசு ஆறும். கீழ இறங்கி ஒரு வாய் சாப்பிட முடியும்.”

லூர்து தலையசைத்தார்.

“நான் என்னதாம்மா பண்ணியிருக்கணும்?”

“ஆறுதலுக்கு மொதல்ல போயிருக்கணும்ணே. சீக்குக்குக் கடைசியா,” என்றார் லூர்து.

ஏகாம்பரம் மறுபடி சோப்பை எடுத்தார்.

ஒன்றரை மாதம் கழித்து, டெஸ்ட் செய்த இடத்திலிருந்து ஓர் உறை வந்தது. எங்கள் தெருவில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். வச்சலா கொண்டுவந்தார். அப்போதுதான் இதையெல்லாம் சொன்னார்.

“அவரு பிரிக்கக் கூடாதுன்னுட்டாரு. தூக்கிப் போடவும் மனசு வரல. நீ படிச்சு வெச்சுக்கோ. எங்ககிட்ட சொல்லாத.”

நான் பிரித்துப் படித்தேன். புரியாத சொற்களை அகராதியில் பார்த்து மறுபடி படித்தேன். மூன்றாம் தொட்டி மீனில் கிருமி இருந்தது. கறுப்புத் தொட்டி மீனில் இல்லை. ஒரு மீனை வைத்து ஒரு தொட்டியையே சொல்லிவிட முடியாது என்றும் கீழே அச்சிட்டிருந்தது.

மறுநாள் அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்து, இரண்டு பைகளும் மாறிப்போயிருக்க வாய்ப்புண்டா என்று கேட்டேன். காத்திருக்கச் சொன்னார்கள். பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்து, மாறவில்லை என்றார்கள்.