கோழிகளை உலாவவிட்ட மாராக்காள்

பல்லடம் பக்கம் செங்கோடனின் கோழிப்பண்ணையில் தீவனம் போடுகிறவள் மாராக்காள். "உலாவித் திரியற கோழியைத்தான் வாங்குவோம்" என்ற சூப்பர் மார்க்கெட் அதிகாரி அன்றைக்கே பார்வையிட வருவதாகத் தகவல். பக்கத்து ஷெட் காலியாகப் பூட்டிக் கிடக்க, இந்த ஷெட்டிலோ கோழிகள் திரும்ப இடமில்லாமல் நெரிந்து கிடந்தன.

"ஒரு கோழியையும் வெளியில உடாதே. ஆனா அத்தனையும் உலாவோணும். இல்லீன்னா உனக்கு வேலை கிடையாது!" செங்கோடன் வாசலுக்கும் ஷெட்டுக்குமாகப் பறந்தார்.

"சரிங்க. எப்படி உலாவறதுன்னு நீங்க ஒருக்கா நடந்து காட்டுங்க, பழக்கிடறேன்."

"இதென்ன பெரிய வித்தையா?" என்று உள்ளே போனவர், நாலாவது அடியில் எந்தப் பக்கமும் நகர முடியாமல் ஒற்றைக்காலில் தள்ளாடினார். அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்துவிட்டார்.

"ஏனுங்க, அங்கயே நின்னுட்டீங்க?"

"கால் வைக்க இடமில்லீங்க!" வாய்தவறி வந்துவிட்டது.

"கோழிக்கு மட்டும் இருக்குதாக்கும்?" என்று அதிகாரி ஆர்டரை நிறுத்திவைத்தார்.

மறுநாளே, பூட்டிக் கிடந்த பக்கத்து ஷெட்டைச் செங்கோடன் திறந்துவிட்டார். உள்ளே விட்ட முதல் கோழி இறக்கையை விரித்துக்கொண்டு ஓடியதை மாராக்காள் கண்குளிரப் பார்த்தாள்.