தளும்பாத சொம்பு

தும்பைப்பட்டு மலைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். அவற்றைத் தினமும் கூட்டியவர் தாண்டவராயர். ஊரின் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர். அதற்கு முன் பட்டாளத்தில் இருந்தவர். விடியும்போது மேல்படியில் தொடங்கினால் பள்ளி மணிக்குள் கீழ்ப்படிக்கு வந்துவிடுவார். துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மேலே வீற்றிருக்கும் குமரரை நோக்கி நிமிர்ந்து ஒரு சல்யூட் வைப்பார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போவார்.

அவருடைய இடது கால் வலது காலைவிட இரண்டு விரற்கடை குட்டை. அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு இடப்பக்கம் அமிழ்ந்து எழும்.

இருபத்துமூன்று வயதில், வடக்கே பனிமலைக் காவலில் இருந்தபோது பள்ளத்தில் விழுந்து தொடையெலும்பு முறிந்தது. வண்டி வர முடியாத இடம். நான்கு வீரர்கள் அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கினார்கள். காலையில் தூக்கியவர்கள் மாலையில்தான் இறக்கினார்கள். செங்குத்தான சரிவிலும் அவர் உடம்பு ஒரு பக்கம் சாயவில்லை. வழியில் கூச்சம் தாங்காமல், தலைமாட்டில் வந்தவரிடம் தெரிந்த இந்தியில் கேட்டார்.

"அண்ணா, ரொம்ப பாரமா இருக்கேனா?"

அந்த மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "நீ மேல இருக்கியா? எனக்கு வெறும் கம்புதான் தெரியுது."

இரக்கத்தில் சொன்ன பொய் என்று தாண்டவராயர் எண்ணிக்கொண்டார். மருத்துவமனையில் அவர் கண் விழித்தபோது அந்த நால்வரும் வேறு முகாமுக்குப் போயிருந்தார்கள். பெயர்கூடத் தெரியவில்லை. எலும்பு கூடியது, குட்டையாகக் கூடியது. ஊர் திரும்பியவர் முதல் வேலையாக மலையேறிக் குமரர் முன் நின்றார். நான்கு பேராக வந்து என்னைச் சுமந்தவர் நீரே. ஒரே ஒரு தரம் உம்மை நான் சுமக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

ஆடிக் கிருத்திகையன்று குமரர் சிறு பல்லக்கில், படிகளை ஒட்டிச் சுற்றிப் போகும் பாதையில் மலையேறுவார். இரண்டு கம்புகள், நான்கு தோள்கள். குமரரின் பாதத்தருகே விளிம்பு தொட நிறைத்த ஒரு சொம்புப் பால் இருக்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் அந்தப் பாலில்தான் முதல் அபிஷேகம். வழியில் சிந்தினால் தூக்கியவர்களுக்குக் குறை. அதனால் ஒரே உயரமும் ஒரே நடையும் உள்ள நான்கு பேரையே பல்லக்கில் நிறுத்துவார்கள்.

பட்டாளத்துக்காரர் என்ற மரியாதையில் முதல் ஆண்டு தாண்டவராயரையும் நிறுத்தினார்கள். பத்தே அடி. கால் சொம்புப் பால் தரையில் போயிற்று. அன்றைய தலைவர் கோபிக்கவில்லை. கம்பை வாங்கிக்கொண்டு, நுனியில் கவை வைத்த நான்கு கோல்களை அவர் கையில் கொடுத்தார். "இத்த தூக்கினு கூட வா தம்பி. சாமி நிக்கிற எடத்துல முட்டுக் குடு." அன்று தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் அந்தக் கோல்களைத் தூக்கினார். இதுவாவது கிடைத்ததே என்று தூக்கினார்.

மனைவி பட்டம்மாள் சிரிப்பார். "சாமியச் சுமக்கிறது இருக்கட்டும். நீங்க கொண்டாற தண்ணிக் கொடத்துல பாதியத் தெரு குடிச்சிடுது." குழந்தை இல்லாத வீட்டில் அந்தச் சிரிப்புதான் சத்தம். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு பட்டம்மாளும் போய்ச் சேர்ந்தார். கொள்ளிச்சட்டியுடன் முன்னே நடந்த தாண்டவராயர், சுடுகாட்டில் பாடையை இறக்கிய நால்வர் முன்னும் தனித்தனியே நின்று கைகூப்பினார். தீட்டு நாட்களில் மலையேறக் கூடாது. அந்தப் பதினாறு நாளும் அடிவாரத் தெருவைக் கூட்டினார்.

பிற்காலத்தில் பல்லக்குக்குத் தலைவனான கஜபதி அவரிடம் படித்தவன். பல்லக்குத் தூக்கும் எல்லோருமே அவரிடம் படித்தவர்கள்தான்.

"வாத்யாரே, உங்களுக்குப் பேரு வச்சவரு கெட்டிக்காரரு. நடந்தாலே தாண்டவந்தான்" என்பான் கஜபதி. சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

"நெட்டையன்னு பிரேயர்ல உன்னக் கடைசில நிறுத்தினேன். அதுக்குப் பழி வாங்குறியா?" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். கோல்களைக் கீழே வைக்க மாட்டார்.

அவர் ஓய்வுபெற வேண்டிய ஆண்டு. கிருத்திகைக்கு நான்கு நாள் முன் பெருமழை பெய்தது. மறுநாள் பல்லக்குப் பாதையைக் கூட்டப் போனவர் மொட்டைப்பாறைத் திருப்பத்தில் நின்றுவிட்டார். பாதையின் வெளிப்பாதியை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. மிச்சம் இருந்தது ஒரு சாய்ந்த பாறை. இடப்பக்கம் மேடு, வலப்பக்கம் பள்ளம். மெல்லக் கால் வைத்து அதைக் கடந்தார். கடந்த பிறகுதான் உறைத்தது: உடம்பு அமிழவில்லை. குட்டைக் கால் மேட்டில், நெட்டைக் கால் பள்ளத்தில். திரும்பிப் போய் மீண்டும் நடந்தார். பட்டாளத்தில் அணிவகுத்த நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் நேராக நடந்தார். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் நோக்கிவிட்டு, இன்னொரு முறையும் நடந்தார்.

கஜபதியிடம் பாதை போனதை மட்டும் சொன்னார்.

"அத்த சாமி பாத்துக்கும். நீங்க கோலுங்களப் பாத்துக்கங்க."

கிருத்திகைக் காலையில் பல்லக்கு மொட்டைப்பாறைக்கு வந்தது. மேட்டுப்பக்கம் முன் கம்பில் கஜபதி. இரண்டு அடி வைப்பதற்குள் பல்லக்கு பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. ஒரு கை பால் சிந்திற்று. பின்வாங்கி, கோல்களில் நிறுத்தினார்கள். ஆள் மாற்றி மறுபடி முயன்றார்கள். ஒருவன் சறுக்கி முட்டி போட்டான். பால் இன்னும் கீழே இறங்கியது. பின்னால் நின்ற கூட்டம் அரோகராவை நிறுத்திக்கொண்டது.

சபேச குருக்கள் தாழ்ந்த குரலில் கேட்டார்: "திரும்பிடலாமா, கஜபதி? ஏறின சாமி பாதியில திரும்பினதா எங்கப்பா காலத்துலகூடக் கேட்டதில்லை."

கஜபதி பள்ளத்தை எட்டிப் பார்த்தான்.

தாண்டவராயருக்கு வழி தெரிந்தது, வாய் வரவில்லை. ஊரே தவித்து நிற்கும் நேரத்தில் தன் ஆசையைத் தீர்த்துக்கொள்வதா என்று கூசினார். பிறகு சொம்பைப் பார்த்தார். பால் கழுத்துக்கு இறங்கியிருந்தது. தன் கூச்சம் அதைவிடப் பெரிதில்லை என்று பட்டது.

"கஜபதி, ஒரே உயரமா நிறுத்தறது சமதரைக்குச் சரி. இங்க மேட்டுப்பக்கம் குள்ளமானவங்க நிக்கணும். பனிமலையில என்னை அப்படித்தான் தூக்கினு வந்தாங்க."

"யார நிறுத்தறது?"

"பின்னால மன்னாரு." சங்கு ஊத வந்திருந்த மன்னார், பிரேயர் வரிசையில் ஐந்து வருடமும் முதலில் நின்றவன்.

"முன்னால?"

தாண்டவராயர் பாறையில் ஏறி அந்தக் கடைசி வரை நடந்தார். திரும்பி வந்து, இன்னொரு தரம் நடந்து காட்டினார். தாண்டவம் இல்லை. தாங்கித் தாங்கி வைக்கும் அடி இல்லை. கஜபதி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க வாத்யாரே" என்றான். மற்றவர்கள் பல்லக்கைத் தாங்கிக்கொள்ள, முட்டாக நின்ற நான்கு கோல்களையும் அவனே எடுத்துத் தன் தோளில் சாத்திக்கொண்டான்.

தாண்டவராயர் கம்பைத் தோளில் ஏற்றினார். "மன்னாரு, என் அடி வச்ச எடத்துல உன் அடிய வை." பிறகு பள்ளி மைதானத்தில் கேட்ட அதே குரல் எழுந்தது. "லெப்ட். ரைட். லெப்ட். ரைட்." சிறு வயதில் அந்தக் குரலுக்கு நடந்த கால்கள் தாமாகவே நடந்தன.

ஐந்தாம் அடியில் அவருக்குப் பயம் பிடித்தது. தோளில் கம்பு இருந்தது. பாரம் இல்லை.

"மன்னாரு, தூக்கினுதான் வரீங்களா? எனக்கு ஒண்ணுமே தெரியல."

"தூக்கினுதான் கீறேன் சார்" என்றான் மன்னார், பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்லா கனக்குது சார்."

பனிமலையில் அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று அப்போது அவருக்குப் புரிந்தது. அந்த மனிதர் தம்மைச் சுமந்தபோதும் இப்படித்தான் இருந்திருக்கிறது. கண் நிறைந்தது. துடைக்கக் கை இல்லை. "லெப்ட்" என்றார், குரல் உடைந்தது. "ரைட்" என்று சரி செய்துகொண்டார்.

இருபத்திரண்டு அடியில் பாறை முடிந்தது. சமதரை வந்ததும் அவரே நின்றார். "இனிமே நீ எடுத்துக்கோ, கஜபதி." கம்பைக் கொடுத்தார். கோல்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

மலைமேல் அபிஷேகத்துக்குச் சொம்பை எடுக்கக் குனிந்த குருக்கள் அப்படியே நின்றார். பால் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நடுவுல யாராவது பால் ஊத்தினேளா?"

யாரும் ஊற்றவில்லை. இரண்டு தரம் சிந்தியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

குருக்கள் குமரருக்குப் பாலாட்டினார். கடைசி ஒரு கை அளவை நிறுத்திக்கொண்டு, கூட்டத்தின் ஓரத்தில் கோல்களுடன் நின்றவரிடம் வந்தார். "உங்களுக்குக் கொடுத்தனுப்பியிருக்கார்" என்று மட்டும் சொன்னார். தாண்டவராயர் கோல்களைக் கீழே வைத்தார். அன்றுதான் அவற்றைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

பாதையை ஊரார் மறு மாதமே செப்பனிட்டார்கள். மொட்டைப்பாறைத் திருப்பத்தில் மட்டும் கஜபதி கொத்தனாரைக் கைகாட்டி நிறுத்தினான். "இந்த இருபத்திரண்டு அடியச் சமம் பண்ணாத. சாஞ்சே இருக்கட்டும். இது வாத்யாரு எடம்."

இன்றும் அது சாய்ந்தே இருக்கிறது. தம்மைச் சுமந்தவர்களை மறவாத தாண்டவராயர் நிமிர்ந்து நடந்த இடம் அது. அவர் குட்டைக் காலின் தடம் நம் தலைமேல் இருக்கட்டும்.