நாலாவது மந்திரி

நான் ஒன்பதாவது படித்த வருஷம். எங்கள் கான்வென்ட்டுக்குச் செஸ் கோப்பை கிடைக்க அரைப் புள்ளிதான் பாக்கி. நான் தோற்றாயிற்று. மிச்சமிருந்தது ஹாஸ்டல் சமையல்காரம்மா மகள் பிரகாசி. எதிரே மாவட்டச் சாம்பியன் ரெக்ஸன்.

பிரகாசி ஓரத்துச் சிப்பாயை நகர்த்தித் தொடங்கினாள்.

"இது என்ன ஓப்பனிங்? பேர் உண்டா?" என்று சிரித்தான் ரெக்ஸன்.

"கொல்லைக் கதவு ஓப்பனிங்ணே."

ஒரு மணி நேரத்தில் அவளிடம் ராஜா மட்டும்தான் மிஞ்சியது. அவனோ உடனே முடிக்காமல், சிப்பாய்களைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளி மூன்று மந்திரி (ராணியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வாங்கிவிட்டான்.

"மூணு மந்திரி பத்துமாண்ணே? அந்தக் கடைசிச் சிப்பாய் பாவம்ல?" என்றாள் பிரகாசி.

"அதுக்கென்ன!" என்று நாலாவது மந்திரியையும் வைத்தான்.

பிரகாசி கையைத் தூக்கினாள். "சார், எனக்குச் செக் இல்ல. ஆனா ராஜா நகரக் கட்டமும் இல்ல."

நடுவர் குனிந்து பார்த்தார். "ஆமா, டிரா. ஆளுக்கு அரைப் புள்ளி."

ரெக்ஸன் எழுந்தே விட்டான். "அதெப்படி சார்?"

"நாலு மந்திரி சுத்தி நின்னா எந்த ராஜாண்ணே அசைவாரு?" என்றாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அந்தக் கோப்பையிலேயே பாயசம் ஊற்றி, ஹாஸ்டலே மாற்றி மாற்றிக் குடித்தது. முதல் மடக்கு பிரகாசியின் அம்மாவுக்கு.